கொழுந்துச் சாக்கு அடையாளம்

புதுக்கடை, கொழும்பு
08.01.2024

அன்பு மதினிக்கு,

வினோதா எழுதுறேன். எனக்கு லேசான தடுமலைத் தவிர வேற குறை இல்ல. நீங்களும் அண்ணனும் மருமக பிரேமினியும் இந்தக் குளிருக்குப் பத்திரமா இருக்கணும்னு அம்மனை வேண்டிக்கிறேன்.

போன் இருக்கையில இவளுக்கு என்ன கடிதாசி கேக்குதுன்னு நினைப்பீங்க. லயத்துல வரிசையா ஒட்டியிருக்கிற காம்பரா வீடுகளுக்கு நடுச்சுவரு கூரை வரைக்கும் போகல. நீங்க போன்ல "சொல்லு வினோதா"ன்னா, கடைசிக் காம்பராவுல இருந்து "என்னவாம்?"னு கேக்குறாங்க. நான் சொல்லப் போறது இப்பவே ஊருக்குத் தெரிய வேண்டாம். அதான் பேனாவை எடுத்தேன்.

நான் டைப் அடிக்கிறது சிவனேஸ்வரி மேடத்துக்கிட்டன்னு தெரியும்ல, யாழ்ப்பாணத்து லோயரம்மா. முந்தியெல்லாம் காணி வழக்கும் விவாகரத்தும்தான் வரும். இப்ப வந்து பார்க்கணும் நீங்க. பெட்ரோலுக்கு வரிசையில நின்ன சனம் இப்ப பேரு பதிய வரிசையில நிக்குது. சோப்பு செய்றவங்க, மிளகாய்த்தூள் இடிக்கிறவங்க, பிஸ்கட் போடுறவங்க, எல்லாருக்கும் வியாபாரக் குறி வேணும். ஒரு பேரோ ஒரு படமோ வெறும் கோடோ, அது யாருக்குச் சொந்தம்னு அரசாங்கம் எழுதி வைக்குது மதினி. அப்புறம் அதை எவனும் தொட ஏலாது. நம்ம நாட்டுக் கறுவாப் பேருக்கு ஐரோப்பாவுலயே காவல் வாங்கியாச்சு. ஊர்ப் பேருகளுக்குன்னு இங்கயும் தனிப் பதிவேடு வைக்க சட்டத்தைத் திருத்தியிருக்காங்க. ஒரே விண்ணப்பத்துல பல நாட்டுலயும் காவல் கேக்கிற ஏற்பாட்டுல நம்ம நாடும் சேரணும்னு பேச்சு நடக்குது. இதையெல்லாம் டைப் அடிக்கையில எனக்குப் புல்லரிக்குது. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணுக்கு வேலி கட்டுறாங்களேன்னு இருக்கு.

போன மாசம் நீங்க குடுத்தனுப்பின தேயிலைப் பையை மேடம் மேசையில வச்சேன். தேயிலையை அவங்க பார்க்கவே இல்ல. பையில சிவப்பு நூலால போட்டிருந்த தையலைத்தான் விரலால தடவிப் பார்த்தாங்க. "இது ஆற்ற அடையாளம் பிள்ளை?"ன்னு கேட்டாங்க. உங்களோடதுன்னேன். "பதிஞ்சாச்சோ?"ன்னாங்க. இல்லன்னு தலையாட்டினேன்.

இதோட விண்ணப்பப் பாரம் வச்சிருக்கேன். அதை நிரப்பி எனக்கு அனுப்புங்க, மேடம் பார்த்துக் குடுப்பாங்க. அந்தத் தையல் எப்படி வந்துச்சுன்னும் எழுதுங்க. அண்ணனை ரொம்பக் கேட்டதாச் சொல்லுங்க.

உங்க பதிலை எதிர்பார்த்துக்கிட்டிருக்கிற
வினோதா


மேல்கணக்கு, நோர்வூட்
28.01.2024

அன்பு நாத்தனா வினோதாவுக்கு,

மதினி பூரணி எழுதுறது. தடுமலுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடி. இங்க பொங்கல் நல்லபடியா பொங்குச்சு. பிரேமினி படிக்கிறா, படிக்கிற மாதிரியும் நடிக்கிறா. உங்க அண்ணன் சுகம். நானுஓயா ஸ்டேஷன்ல வெள்ளைக்காரங்க இறங்கிக்கிட்டே இருக்காங்களாம், உங்க அண்ணன் ஓட்டுற வேனுக்கு ஓய்வில்ல. நம்ம தேயிலைப் பையையும் உங்க அண்ணன்தான் வேன்ல தொங்க விட்டு விக்கிறாங்க.

உன் கடிதத்தைக் கோயிலடியில வச்சுப் பொம்பளைங்களுக்குப் படிச்சுக் காட்டினேன். லெட்சுமி அக்கா, "சாக்குத் தையலுக்கெல்லாம் பதிவா? அரசாங்கத்துக்கு வேற வேலை இல்லையா?"ன்னு சிரிச்சுச்சு. அப்புறம் எந்திரிச்சுப் போய் அதோட சாக்கையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு.

தையல் வந்த கதை பெரிசா ஒண்ணுமில்ல. பறிச்ச தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்துல சாக்கெல்லாம் ஒரே குவியலாக் கெடக்கும். அடையாளம் இல்லாட்டி என் கொழுந்து உன் பேருல விழும், அப்புறம் சண்டைதான். அதனால ஆளுக்கொரு அடையாளம் வச்சிருக்கோம். ஒருத்தி சட்டைப் பொத்தான், ஒருத்தி நீல நாடா. நான் கல்யாணமாகி வந்த வருசம் என் சாக்கு கிழிஞ்சு போச்சு. சிவப்பு நூல்தான் கையில இருந்துச்சு. குறுக்கும் மறுக்குமா இழுத்துத் தைச்சு, மேல ஒரு வளைவு போட்டு முடிச்சேன். தலையில கயிறு மாட்டிக் கூடை சுமக்கிற பொம்பளை மாதிரி இருக்குன்னு மலையில வேலை பார்க்கிற கண்டாக்கையா சொன்னாரு. அதுல இருந்து எந்தச் சாக்கு எடுத்தாலும் அதைத்தான் போடுறேன். லயத்துக்குப் பின்னால இருக்கிற துண்டு நிலத்துத் தேயிலையைக் கையால உருட்டி விக்கத் தொடங்கினப்ப, பைக்கும் அதையே போட்டோம்.

பாரத்துல "சொந்தக்காரர்"னு ஒரு இடம் இருந்துச்சு. அங்கதான் பேச்சு நீண்டுச்சு. நம்ம வழக்கம் தெரியும்ல. எல்லாருக்கும் பொதுவான பொருள்னா அம்மன் பேருலதான் இருக்கும். அண்டா, ஸ்பீக்கர் செட்டு, தப்பு மேளம், எல்லாம் அம்மனுக்குத்தான். ஒருத்தி பேருல போட்டா நாளைக்கு மனஸ்தாபம் வரும். அதனால "அருள்மிகு முத்துமாரியம்மன், மேல்கணக்கு"ன்னு எழுதி, கோயில் முத்திரையும் குத்தி, வெள்ளிக்கிழமை ராகுகாலம் கழிஞ்சு நாங்களே நேரா அந்த ஆபீசுக்குப் பதிவுத் தபால்ல போட்டுட்டோம். உனக்கு எதுக்கு வீண் சிரமம்?

அம்மன் உனக்கும் துணையிருப்பா.
மதினி பூரணி


புதுக்கடை
26.02.2024

அன்பு மதினிக்கு,

கொத்தமல்லி குடிச்சு, தடுமல் போயிருச்சு. பாரமும் திரும்பி வந்திருச்சு. அங்க வந்த கடிதத்தை நீங்க எனக்கு அனுப்பினதும் மேடத்துக்கிட்டக் காட்டினேன்.

மேடம் சிரிச்ச சிரிப்புல கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. நான் வெக்கத்துல மேசைக்கு அடியில போகலாமான்னு பார்த்தேன். ஆனா சிரிச்சு முடிச்சதும் அமைதியா சொன்னாங்க. "பிள்ளை, உன்ர மதினியாக்கள் செய்தது பிழை எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா நாளைக்கு ஒருத்தன் களவெடுத்தா, கூண்டில ஏறிச் சாட்சி சொல்ல அம்மன் வருவாவோ?"

மனுசரோ கம்பனியோ சங்கமோ, கையெழுத்துப் போடவும் கேட்டா பதில் சொல்லவும் ஆள் வேணுமாம். தையல் உங்களோடதுதானே? உங்க பேரையே எழுதுங்க. மத்தவங்களும் அதைப் பாவிக்கலாம்னு ஒரு ஒப்பந்தம் மேடம் எழுதித் தருவாங்க. புதுப் பாரம் வச்சிருக்கேன். இந்தத் தடவை தயவுசெய்து எனக்கு அனுப்புங்க, நல்ல நேரம் நான் பார்த்துக்கிறேன். சீக்கிரம் வேணும் மதினி. இதுல முந்தினவங்களுக்குத்தான் முதல் இடம்.

அண்ணன் எப்படி இருக்காரு? போன் எடுத்தா, ஆளு ஏத்துறேன், அப்புறம் பேசுறேங்கிறாரு.

வினோதா


மேல்கணக்கு
17.03.2024

அன்பு வினோதாவுக்கு,

இங்க எல்லாரும் சுகம். மழை இன்னும் காணோம், கொழுந்து சுருண்டு கெடக்கு.

நீ சொன்னபடி பொம்பளைங்கக்கிட்ட கேட்டேன். சண்டை வரும்னு பார்த்தா, லெட்சுமி அக்கா ஒரே பேச்சுல முடிச்சிருச்சு. "தேயிலை எல்லாருக்கும். தையல் பூரணிக்கு. இதுல என்ன பஞ்சாயத்து?" எனக்கு அழுகை வந்திருச்சு, வெளிய காட்டிக்கல.

உங்க அண்ணன், அவங்க பேருல போடச் சொன்னாங்க. ஆபீஸ் காரியம், ஆம்பளை பேரு இருந்தா நல்லதுன்னு. அவங்களைக் குத்தம் சொல்லவும் ஏலாது. எங்க அம்மா காலத்துல பொம்பளை சம்பளத்தையே புருசன்தான் போய் வாங்குவாங்க. இப்ப சம்பளம் என் கைக்கு வருது, மத்ததெல்லாம் பழைய மாதிரிதான். ஆஸ்பத்திரியில, பள்ளிக்கூடத்துல, தோட்டத்து ஆபீசுல பதிவுத் தபால் வந்தா, எல்லாத்துக்கும் எனக்காக அவங்கதான் கையெழுத்துப் போடுறாங்க. எனக்குப் போடத் தெரியும். யாரும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல.

பாரம் அரிசி டின்னுல இருக்கு. சொந்தக்காரர்ங்கிற இடத்துல என் பேரை எழுத உக்காருறேன், கை வரமாட்டேங்குது. நம்பு, பயமில்ல. கோயில்ல தீபாராதனை காட்டுறப்ப ஒரு மாதிரி வரும்ல, அந்த மாதிரி. நான் எதுக்குமே சொந்தக்காரியா இருந்ததில்ல வினோதா. லயம் தோட்டத்தோடது, மரம் தோட்டத்தோடது, தாலி உங்க அண்ணன் கட்டினது. இன்னும் கொஞ்சம் நாள் குடு. எழுதிருவேன்.

பூரணி


புதுக்கடை
09.06.2024

அன்பு மதினிக்கு,

சுகம் கேக்கிற நிலைமையில நான் இல்ல, மன்னிச்சுக்கங்க.

நேத்து வெள்ளவத்தையில ஒரு பெரிய கடைக்குப் போனேன். தேயிலை அடுக்கியிருந்த தட்டுல ஒரு கறுப்புப் பெட்டி. அதுல தங்க நிறத்துல உங்க தையல். குறுக்கும் மறுக்குமான கோடு, மேல வளைவு, நூல் முடிச்சைக்கூட விடாம வரைஞ்சிருக்காங்க. ஒரு நிமிசம் சந்தோசத்துல பக்கத்துல நின்ன அம்மாவுக்கிட்ட "இது எங்க மதினியோடது"ன்னு சொல்லிட்டேன். அப்புறம்தான் பின்பக்கம் திருப்பினேன். ஏதோ கம்பனி பேரு. உங்க பேரு இல்ல, நோர்வூட் இல்ல, ஒண்ணுமே இல்ல.

மேடம் தேடிப் பார்த்தாங்க. மார்ச் கடைசியிலயே அந்தக் கம்பனி விண்ணப்பம் போட்டிருக்கு. உங்க பாரம் மே மாசம்தான் போச்சு. பிந்திட்டோம்.

இன்னும் கதவு மூடலைன்னும் சொல்றாங்க. அவங்க குறியை வெளியிடுவாங்க, அப்ப ஆட்சேபிக்கலாம். ஆனா அவங்களுக்கு அந்தத் தையல் எப்படிக் கெடைச்சுச்சு? தோட்டத்துக்கு யாராவது வந்தாங்களா? அண்ணன்கிட்ட கேட்டுப் பாருங்க, ஸ்டேஷன்ல வந்து போற ஆளு எல்லாம் அவருக்குத் தெரியுமே.

உடனே எழுதுங்க.
வினோதா


புதுக்கடை
14.07.2024

அன்பு மதினிக்கு,

ஒரு மாசத்துக்கு மேலாச்சு, பதிலே இல்ல. பிரேமினி போன் எடுத்து, அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருக்காங்கன்னு சொல்லுது. ஞாயித்துக்கிழமையும் மலைக்கா? உங்களுக்கு மேலுக்கு ஏதும் முடியலையா? அண்ணனும் போன் எடுக்கல. எனக்குச் சோறு இறங்கல.

சட்டத்துல ஒரு இடத்தை மேடம் எனக்கு வாசிச்சுக் காட்டினாங்க. பதியாத குறியா இருந்தாலும், ஒருத்தர் அதை ஏற்கெனவே பாவிச்சுக்கிட்டு வந்தா, அது தெரிஞ்சுக்கிட்டே இன்னொருத்தன் பதிய ஏலாது. "தெரியும்"னு மட்டும் இல்ல மதினி. "தெரியாம இருந்திருக்க முடியாது"ன்னும் எழுதியிருக்கு. நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். தெரியாதுன்னு சாதிக்கிற மனுசரைப் பத்தி யாரோ எப்பவோ யோசிச்சு, ஒரு வரி எழுதி வச்சிருக்காங்க பாருங்க. கோயில் வாசல்ல நின்ன மாதிரி இருந்துச்சு எனக்கு.

கம்பனிக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு நமக்கு விளங்கினாப் போதும், பாதி வழக்கு முடிஞ்ச மாதிரி. அதை நீங்க சத்தியம் பண்ணி ஒரு சத்தியக்கடதாசியா எழுதித் தரணும்.

வினோதா


மேல்கணக்கு
25.08.2024

அன்பு வினோதாவுக்கு,

மேலுக்கு ஒண்ணுமில்ல. மழை பிடிச்சுக்கிச்சு. அட்டை கால்ல ஏறுது. பிரேமினிக்குப் பரீட்சை. லெட்சுமி அக்காவுக்கு மூட்டு வலி. லயத்துல மூணாவது காம்பரா கூரை ஒழுகி, தகரம் மாத்தினாங்க. மாடு கன்னு போட்டிருக்கு, கெடாரி.

நீ கேட்டதுக்குப் பதில் எழுதலைன்னு கோவிச்சுக்காத. ஒண்ணு கேக்கிறேன். கம்பனிக்குச் சொன்னது வெளியாளா இல்லாம இருந்தா, சத்தியக்கடதாசியில அந்த ஆளு பேரையும் எழுதித்தான் ஆகணுமா? ஒரே அடுப்புல ரெண்டு பேருக்கும் சோறு பொங்கிக்கிட்டு, ஒருத்தி அப்படி எழுத முடியுமா?

இனிமே உங்க அண்ணன் சுகத்தை என்கிட்ட கேக்காத. அவங்களுக்கே எழுதிக் கேளு.

பூரணி


புதுக்கடை
05.09.2024

மதினி,

உங்க கடிதத்தைப் படிச்சுட்டு ஆபீஸ் படியிலயே உக்காந்துட்டேன். மேடம் தண்ணி குடுத்தாங்க.

அண்ணனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். மறைக்கல. ஸ்டேஷன்ல அந்தக் கம்பனி மேனேஜர் ஒருத்தர் பையைப் பார்த்து ஆசைப்பட்டாராம். அவங்க கம்பனிச் சரக்கு ஏத்துற வேலையை வேனுக்குத் தர்றேன்னாராம். ஒரு தாளை நீட்டினாராம். இந்த அடையாளத்துக்கு நான் சொந்தக்காரன், இதைக் கம்பனிக்குக் குடுக்கிறேன்னு அதுல எழுதியிருந்துச்சாம். எங்க அண்ணன் கையெழுத்துப் போட்டுட்டாரு. "வீட்டுச் சாமான்தானே, அவளுக்காக நான் எத்தனை கையெழுத்துப் போட்டிருக்கேன்"ங்கிறாரு. களவெடுத்த ஆளு மாதிரிப் பேசல மதினி, அதுதான் எனக்கு இன்னும் எரியுது. அம்மன் பேரை எழுதினப்ப நாம சிரிச்சோம். அவரு தன் பேரைப் போட்டப்ப அவருக்குச் சிரிப்புக்கூட வரல. உங்க பேரு மட்டும் ஒருத்தர் நினைப்புலயும் வரல, என் கூடப் பிறந்தவருக்கும் வரல.

அவரு என் அண்ணன். நீங்க என் மதினி. எந்தப் பக்கம் நிக்கன்னு யோசிச்சேன், ரொம்ப நேரம் எடுக்கல. உங்க பக்கம்தான்.

மேடம் சொல்றது இதுதான். கம்பனி அந்தத் தாளைத்தான் காட்டும். அண்ணனுக்கு அது சொந்தமில்ல, கம்பனிக்கும் அது தெரியும்னு யாராவது சொல்லாட்டி நம்ம வழக்கு நொண்டும். நீங்க எழுதினா நிக்கும். ஆனா எழுதச் சொல்லி நான் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். நீங்கதான் அந்தக் காம்பராவுல இருக்கணும்.

வினோதா


மேல்கணக்கு
20.10.2024

அன்பு வினோதாவுக்கு,

உன் கடிதம் வந்து பல நாளாச்சு. நீ என் பக்கம் நின்னதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். அதுக்காக உங்க அண்ணனோட பேசாம இருந்திராத, அவங்களுக்கு உன்னை விட்டா யாரு.

சத்தியக்கடதாசி எழுதி நோர்வூட்டுல சமாதான நீதவான்கிட்ட கையெழுத்து வச்சு இதோட அனுப்புறேன். நான் தைச்சேன், கல்யாணமாகி வந்த வருசத்துல இருந்து போடுறேன், பொம்பளைங்க எல்லாரும் பார்த்தவங்க, அவ்வளவுதான் அதுல இருக்கு. பழைய சாக்குகளையும் மூட்டை கட்டி அனுப்புறேன், கொழுந்து வாடை அடிக்கும், மேடத்துக்கிட்ட சொல்லி வை. லெட்சுமி அக்காவும் மத்தவங்களும் தனித்தனியா எழுதிக் குடுத்திருக்காங்க. அவங்க சாக்கையும் கட்டி விட்டிருக்காங்க. பொத்தான், நாடா, எல்லாம் வேற வேற அடையாளம்னு ஆபீசு ஐயா கண்ணால பார்க்கட்டும்.

உங்க அண்ணனைப் பத்தி ஒரு வார்த்தை எழுதல. எழுத மாட்டேன். அவங்களுக்கும் இதைச் சொல்லிட்டேன். சண்டை போடல, சோறு போட்டுக்கிட்டே சொன்னேன். "நீங்க கேக்காம என் கையெழுத்தைப் போட்டீங்க. உங்க சத்தியத்தை நான் போட மாட்டேன். சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்." அவங்க சாப்பிட்டு எந்திரிச்சாங்க. தட்டை அவங்களே கழுவி வச்சாங்க.

வழக்கு தோத்தா தோத்துட்டுப் போகட்டும். தையல் என் கையிலதானே இருக்கு. இப்படி எழுதுறேனே தவிர, எனக்கு அது வேணும் வினோதா. இவ்வளவு எதுக்குமே நான் ஆசைப்பட்டதில்ல.

பூரணி


நானுஓயா
12.01.2025

தங்கச்சி வினோதாவுக்கு,

அண்ணன் கஜேந்திரன். நலம், நலமறிய ஆவல். நீ போன்ல கத்தினது இன்னும் காதுல இருக்கு.

நான் கள்ளன் இல்ல. அதை மட்டும் நீ தெரிஞ்சுக்க. அவ பையை நான்தான் ஊர் ஊராக் கொண்டுபோய் வித்தேன். கம்பனிச் சரக்கு ஏத்துற வேலையை விட்டுட்டேன். ஏன்னு அந்த மேனேஜர் கேட்டாரு, வேனுக்கு முடியலைன்னேன்.

பொங்கல் வருது, உனக்குப் பனங்கட்டி அனுப்பியிருக்கேன். கோட்டை ஸ்டேஷன்ல இறங்கினா அந்தப் பதிவு ஆபீசுக்கு எத்தனாம் நம்பர் பஸ்ல வரணும்? உள்ள போறதுக்கு அடையாள அட்டை மட்டும் போதுமா? உன் மதினிக்கு இப்ப எழுத வேண்டாம்.

அண்ணன்


புதுக்கடை
22.06.2025

அன்பு மதினிக்கு,

சுகமா இருக்கேன். நல்ல செய்தியோட எழுதுறேன்.

விசாரணை முடிஞ்சுச்சு. அண்ணன் நம்ம பக்கம் சாட்சி சொல்ல வந்திருந்தாரு. உங்கக்கிட்ட வேன் ரிப்பேருக்குக் கண்டி போறதாச் சொல்லிட்டு வந்தாராம். கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, இப்ப வயித்துல பொத்தான் இழுக்குது. வாசல்ல என்னைப் பார்த்ததும் சாப்பிட்டியான்னு மட்டும் கேட்டாரு.

மேசையில உங்க சாக்கெல்லாம் வரிசையா வச்சிருந்தாங்க. ஏசி போட்ட அந்த அறையில கொழுந்து வாடை. விசாரிச்ச ஐயா ஒவ்வொண்ணா எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாரு. உங்க தையலுக்கு வந்ததும் கம்பனிப் பெட்டியை எடுத்துப் பக்கத்துல வச்சாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. மழையில நனைஞ்ச சாக்கு, அதுக்காக அரசாங்கத்து ஆபீசர், ரெண்டு பக்கத்து லோயர்மாரு, சுருக்கெழுத்துக்காரங்க, எல்லாரும் குனிஞ்சு பார்க்கிறாங்க.

கம்பனி லோயர் அந்தத் தாளைக் காட்டி, இது உன் கையெழுத்தான்னு கேட்டாரு. ஆமான்னாரு. சொந்தக்காரன்னுதானே கையெழுத்துப் போட்ட, இப்ப ஏன் மாத்திப் பேசுறன்னு கேட்டாரு. அண்ணன் சாக்கைத் திரும்பிப் பார்த்தாரு.

"ஐயா, என் சம்சாரத்துக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். நான் கேக்கல."

அவ்வளவுதான் சொன்னாரு.

அப்புறம் மேடம் எந்திரிச்சு அண்ணன்கிட்ட, அந்த மேனேஜருக்கு இது யாரோட அடையாளம்னு தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னாரு. எப்படின்னு கேட்டாங்க. நான்தான் சொன்னேன்னாரு. என் சம்சாரம் கல்யாணமாகி வந்த வருசம் போட்ட சாக்கு அடையாளம், இந்தத் தோட்டத்துல வேற யாருக்கும் இப்படி நேர்த்தியா வராதுன்னு பெருமையா சொன்னேன், அதைக் கேட்டுட்டுத்தான் அவரு தாளை எடுத்தாருன்னாரு. கம்பனி லோயர் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தாரு. மேனேஜர் செருப்பைப் பார்த்தாரு. தெரியாம இருந்திருக்க முடியாதுங்கிற அந்த வரி, மதினி, ஆளா வந்து எதிர்ல நின்ன மாதிரி இருந்துச்சு.

நுணலும் தன் வாயால கெடும்பாங்க. எங்க அண்ணன் வாயால ஒரு காரியம் உருப்பட்டது இதுதான் முதல் தடவை. உங்களைப் பத்தி ஸ்டேஷன்ல அவரு இப்படிப் பெருமை அடிப்பாருன்னு எனக்கே தெரியாது. உங்கக்கிட்ட என்னைக்காவது சொல்லியிருக்காரா?

கம்பனி விண்ணப்பத்தை மறுத்துட்டாங்க. உங்களோடது இனித் தடையில்லாம நடக்கும். வெளிய வந்ததும் மேடம் அண்ணனுக்குக் கை குடுத்தாங்க. அவரு கையை வேட்டியில துடைச்சுட்டுத்தான் குடுத்தாரு. இதை உங்களுக்குச் சொல்ல வேண்டாம்னாரு, நான் கேக்கல.

வினோதா


மேல்கணக்கு
19.10.2025

அன்பு வினோதாவுக்கு,

மதினி பூரணி. பிரேமினிக்கு நல்ல மார்க். கெடாரிக் கன்னு கொழு கொழுன்னு இருக்கு. லெட்சுமி அக்கா மூட்டு வலியோட நேத்து கோயில் வாசல்ல ஆடிருச்சு, ஏன்னு இப்ப சொல்றேன்.

உன் கடிதம் வந்த அன்னைக்கு நான் உங்க அண்ணன்கிட்ட ஒண்ணும் கேக்கல. கண்டியில வேன் சரியாப் போச்சான்னு மட்டும் கேட்டேன். போச்சுன்னாங்க. நானும் சரின்னுட்டேன். அவங்க என்கிட்ட அந்தப் பெருமையைச் சொன்னதே இல்ல. இனியும் சொல்ல மாட்டாங்க, விடு.

நேத்து காலையில வேலை பிரிக்கிற பெரட்டு முடிஞ்சதும் ஆபீசுல பதிவுத் தபால் வந்திருக்குன்னு ஆள் அனுப்பினாங்க. ரெண்டு பேரும் போனோம். கிளாக்கர் உமாசுதன் ஐயா எப்பவும் போலப் புத்தகத்தைத் திருப்பி, பேனாவை உங்க அண்ணன் கையில குடுக்க வந்தாரு. அவங்க ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டாங்க. ஐயா பேனாவை நீட்டிக்கிட்டே நிக்கிறாரு. "என்ன கஜேந்திரன்?"

"அது அவங்களுக்கு வந்தது ஐயா"ன்னாங்க.

வினோதா, உங்க அண்ணன் என்னை "அவங்க"ன்னு சொல்லி நான் கேட்டதில்ல. ஐயாவும் கேட்டதில்ல போல, ஆளு முழிச்சாரு. நான் பேனாவை வாங்கினேன். கொழுந்துக் கறை படிஞ்ச கையி, விரல் நுனியெல்லாம் கறுப்பு. பூரணின்னு எழுதினேன். ஒரு எழுத்தும் கோணல. அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். இத்தனை வருசமா இது எனக்குள்ளயே இருந்திருக்கு.

உறைக்குள்ள சான்றிதழ். நம்ம தையல் சின்னதா அச்சடிச்சிருக்கு, கீழ சொந்தக்காரர்னு போட்டு என் பேரு. அம்மன் காலடியில வச்சு எடுத்தோம். அவளும் முதல்ல சொந்தக்காரியா இருந்தவதானே, ஒரு வார்த்தை சொல்லிக்கணும். அப்பதான் லெட்சுமி அக்கா ஆடுச்சு.

பொம்பளைங்க எல்லாரும் பாவிக்கிறதுக்கான ஒப்பந்தத்தை மேடத்தை அனுப்பச் சொல்லு. கையெழுத்து நான் போடுறேன்.

நீ கேக்கல, இருந்தாலும் எழுதுறேன். உங்க அண்ணன் சுகமா இருக்காங்க.

மதினி
பூரணி